ஃபர்லர் வாங்குமுன் பாய்மரத்தின் உச்சியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிழக்குக் கரையில் பாய்மரப் படகுச் சுற்றுலா பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். பழைய படகொன்றை மலிவாக வாங்கிச் செப்பனிட்டு பாசிக்குடாவுக்கும் திருகோணமலைக்கும் இடையில் ஓட்டலாம் என்பது நல்ல யோசனைதான். ஆனால் முன்பாய்க்கு ரோலர் ஃபர்லர் போட்டால் ஒரு ஆளே சமாளிக்கலாம், எந்தக் கம்பனியும் ஒன்றுதான், விலையைப் பார்த்து வாங்குங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். முப்பது நாற்பது வருடம் ஓடிய படகுக்கு இந்தப் புத்திமதி சரிவராது.

விஷயம் தெரியாதவர்களுக்காக: பாய்மரத்தை முன்னால் இழுத்துப் பிடிக்கும் கம்பிக்கு மேல் ஒரு அலுமினியக் குழல், அடியில் கயிறு சுற்றும் டிரம், மேலே பாயின் தலையைப் பிடிக்கும் சுவிவல், அவ்வளவுதான் ஃபர்லர். சுக்கானுக்குப் பக்கத்தில் இருந்தபடியே கயிற்றை இழுத்தால் குழல் சுழன்று பாய் சுருண்டுவிடும். அலை அடிக்கும்போது அணியத்தில் போய் நின்று பாயோடு மல்லுக்கட்டத் தேவையில்லை.

முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கம்பியை. குழல் ஏறியபிறகு கம்பி கண்ணில் படாது. ஸ்டெயின்லெஸ் என்று பெயர்தான், நம்முடைய சூட்டிலும் உப்பிலும் கம்பி முனை நுழையும் குப்பிக்குள் ஈரம் தேங்கி உள்ளுக்குள்ளேயே அரிக்கும், வெளியில் ஒரு மெல்லிய பழுப்புக் கோடு தெரிந்தால் பெரிய விஷயம். ஆகவே பழைய கம்பிக்கு மேல் புது ஃபர்லர் போடுவது வீண் செலவு, கம்பியையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஃபர்லெக்ஸ் என்ற பெயரில் விற்கும் ஃபர்லரின் பெட்டியில் பொதுவாகப் புதுக் கம்பியும் சேர்ந்து வரும், மற்றவற்றின் விலையோடு ஒப்பிடும்போது இதை மறந்துவிடுகிறார்கள். ஸ்டா-லொக் மாதிரி ஸ்பானரால் முறுக்கிப் பூட்டும் முனை போட்டால் கம்பியில் முனையை அழுத்திப் பொருத்தும் இயந்திரம் தேடி அலைய வேண்டாம், பிறகு கழற்றியும் பார்க்கலாம். கம்பியின் தடிப்பையும் அதைப் படகோடு பூட்டும் ஊசியின் விட்டத்தையும் கலிப்பரால் அளந்து எழுதிக்கொண்டு கடைக்காரருடன் கதையுங்கள், படகின் நீளத்தை மட்டும் சொல்லி ஓடர் பண்ணாதீர்கள்.

அடுத்தது கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லாத விஷயம், எனக்கு இதுதான் பெரிது. பாயை ஏற்றும் கயிறு பாய்மர உச்சியில் இருந்து சுவிவலுக்கு வரும்போது முன்கம்பியோடு ஒட்டினாற்போல வரக்கூடாது, ஏறத்தாழ 10 பாகை பின்னால் விலகி வரவேண்டும். ஒட்டி வந்தால் பாயைச் சுருட்டும்போது கயிறும் குழலோடு சேர்ந்து சுற்றிக்கொள்ளும். பழைய படகுகளில் இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் வேறு படகுக்குத் தைத்த பாயை வெட்டிப் போட்டிருப்பார்கள், பாய் குட்டை, சுவிவல் உச்சிக்குப் போகாமல் பாதி வழியில் நிற்கும். பாயின் தலைக்கும் சுவிவலுக்கும் நடுவில் ஒரு துண்டுக் கம்பி கட்டி சுவிவலை மேலே ஏற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதுவும் போதாவிட்டால் பாய்மரத்தில் கயிற்றைப் பின்னுக்குத் தள்ளிப் பிடிக்கும் ஒரு வளையம் அடிக்க வேண்டும். புரோஃபர்ல் கம்பனியின் ஃபர்லரில் கயிறு சுற்றாமல் தடுக்கும் அமைப்பு மேலேயே வருகிறது. எதைப் போட்டாலும் சரி, டிரம் இறுகினால் கயிற்றை வின்சில், அதாவது கைப்பிடி போட்டுச் சுற்றிக் கயிறு இழுக்கும் உருளையில், போட்டு இழுக்கவே கூடாது. வின்சின் பலத்துக்குக் குழல் முறுகும், உள்ளே கம்பியின் புரி அவிழும், கடைசியில் பாய்மரமே விழலாம்.

கயிறு டிரம்முக்குள் நேராக, கம்பிக்குச் செங்கோணத்தில் நுழைகிறதா என்பதையும் பாருங்கள். சரிந்து நுழைந்தால் ஒரு பக்கமாகக் குவிந்து சிக்கும்.

பெயாரிங் விஷயத்தில்தான் கம்பனிக்குக் கம்பனி உண்மையான வித்தியாசம். ஹார்கனில் திறந்த பிளாஸ்டிக் குண்டுகள், கிறீஸ் வேண்டாம், நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும். புரோஃபர்லில் கிறீஸ் அடைத்து மூடிய பெயாரிங், கழுவாவிட்டாலும் பல வருடம் ஓடும், போனால் கழற்றி மாற்ற வேண்டும். கரையில் குழாய்த் தண்ணீர் கிட்டும் இடத்தில் படகு நின்றால் முதலாவது, வாழைச்சேனை மாதிரி மீன்பிடித் துறைமுகத்தில் மாதக்கணக்கில் கட்டிவிட்டுப் போகிறவர் என்றால் இரண்டாவது, இது என் கணக்கு. சிறிய படகுக்கு சிடிஐ என்று ஒன்று, வளையும் பிளாஸ்டிக் குழல், பாயேற்றும் கயிறு உள்ளேயே இருப்பதால் மேலே சொன்ன சுற்றல் தொல்லை கிடையாது. ஆனால் அதில் பாயின் முன்னோரத்தை விறைப்பாக இழுக்க முடியாது, காற்றுக்கு எதிராக ஏறும்போது அது தெரியும்.

காற்று கூடும்போது பாதி சுருட்டி ஓடலாம் என்பதும் ஓரளவுக்குத்தான் உண்மை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருட்டினால் பாயின் நடு தொப்பையாகிவிடும், படகு சரியுமே தவிர முன்னேறாது. பாயின் முன்னோரத்தில் ஸ்பொஞ்ச் வைத்துத் தைத்தால் கொஞ்சம் பரவாயில்லை. தனியாக ஒரு சிறிய புயல் பாயும் அதைக் கட்ட முன்கம்பிக்கு உட்புறமாக இன்னொரு கம்பியும் இல்லாமல் வாடைக்காற்றுக் காலத்தில் வெளியே போகிறவரோடு நான் ஏறமாட்டேன்.

கரையில் நிற்கும்போதும் அதே வாடைதான். கார்த்திகை மார்கழியில் பாயைச் சுருட்டியபடி விட்டுப் போகிறார்கள், ஒரு மூலை பிரிந்தால் முழுப்பாயும் அவிழ்ந்து படகை நங்கூரத்தோடு இழுத்துப் போகும். 1978 நவம்பர் சூறாவளியைப் பார்த்த ஊருக்கு இதை விளக்கத் தேவையில்லை. பாயைக் கழற்றி உள்ளே வையுங்கள். கழற்றும்போது வெயில் படும் ஓரத்துத் தையலை நகத்தால் கீறிப் பாருங்கள், துணி நன்றாக இருக்கும், நூல் பொடியாகக் கொட்டும்.

இவ்வளவுக்கும் காசு இல்லாதவர் முன்கம்பியில் பித்தளைக் கொக்கிகளால் மாட்டும் பழைய பாயோடேயே இருக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இறக்கக் கஷ்டம், ஆனால் இறங்கும்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று போட்டிருந்தீர்கள். அதில் காட்டப்போகும் படகின் முன்கம்பி எத்தனை மில்லிமீற்றர், எப்போது மாற்றியது, சுவிவல் எங்கே நிற்கிறது என்று மூன்றையும் கேட்டுப் போடுங்கள். பாய்மர உச்சியின் படம் ஒன்றும் கிடைத்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
பழைய படகுக்காரன்,
கல்லடி, மட்டக்களப்பு.