சரூகானுக்கு ஒரு வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளிவந்த அரபு நாட்டுக் கார்ட்டூன் கலை பற்றிய கட்டுரையை விரும்பிப் படித்தேன். உழைத்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் கார்ட்டூன் ஓவியர் அலெக்சாண்டர் சரூகானை ‘எகிப்தில் பணியாற்றிய ஓர் ஆர்மீனியர்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. 1930-களின் எகிப்துக்கு முகம் வரைந்து கொடுத்தவரே அவர்தான். அவரை விருந்தாளிகள் வரிசையில் உட்கார வைக்கலாமா?

1898-இல், அன்று ரஷ்யப் பேரரசில் இருந்த அர்தனூச் என்ற ஊரில் பிறந்தவர் சரூகான். அந்த ஊர் இன்று துருக்கியில் இருக்கிறது. வளர்ந்தது இஸ்தான்புல்லில். முதல் உலகப் போரும் ஆர்மீனியப் படுகொலையும் கடந்துபோன அந்த நகரத்தில்தான் ஆர்மீனிய நகைச்சுவைப் பத்திரிகைகளுக்கு வரையத் தொடங்கினார். 1922-இல் அங்கிருந்து கிளம்பி, வியன்னாவில் கிராஃபிக் கலை படித்து, 1924-இல் எகிப்துக்கு வந்து சேர்ந்தார். கெய்ரோவில் ஆர்மீனியப் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியர் வேலை. அரபு மொழி அவருக்குச் சரளமாக வராது.

அங்கே பிளாக் (படம் அச்சடிக்கும் உலோகத் தகடு) எடுக்கும் பட்டறை ஒன்றில்தான் பத்திரிகையாளர் முகமது அல் தாபி இவருடைய படங்களை முதலில் பார்த்தார் என்று சொல்வார்கள். இந்த இடம் எனக்கு மிகவும் நெருக்கமானது. நான் சிவகாசியில் பல வருடம் லைன் பிளாக் எடுத்தவன். நெகட்டிவிலிருந்து படத்தைத் துத்தநாகத் தகட்டில் ஏற்றி, நைட்ரிக் அமிலத் தொட்டியில் போடுவோம். கோடு இல்லாத இடத்தை அமிலம் அரித்துவிடும், கோடு மட்டும் மேடாக நிற்கும். கோடு ரொம்ப மெலிந்திருந்தால் பக்கவாட்டில் அமிலம் புகுந்து அதையும் தின்றுவிடும். குறுக்குக்கோடுகளை நெருக்கிப் போட்டாலோ, அச்சில் மை தேங்கி எல்லாம் ஒரே கறுப்பு. இது தெரிந்து வரையும் ஓவியர்கள் குறைவு. சரூகானின் படங்களைப் பாருங்கள்: தெளிவான வெளிக்கோடு, தேவையான இடத்தில் மட்டும் கறுப்பு, மற்றதெல்லாம் வெள்ளைத்தாள். தகடு என்ன தாங்கும் என்று தெரிந்த கை அது.

1928-இல் அல் தாபி ஆசிரியராக இருந்த ‘ரோஸ் அல் யூசுப்’ பத்திரிகையில் வரையத் தொடங்கினார். நாடக நடிகை பாத்திமா அல் யூசுப் தன் மேடைப் பெயரிலேயே 1925-இல் தொடங்கிய பத்திரிகை அது. அதில்தான் 1932-இல் ‘மஸ்ரி எஃபெண்டி’, அதாவது ‘எகிப்தியக் கனவான்’, என்ற கார்ட்டூன் மனிதர் பிறந்தார். குள்ளமான, கொஞ்சம் பருத்த மனிதர். கோட்டு, கண்ணாடி, தலையில் சிவப்புத் தர்பூஷ் தொப்பி, கையில் ஜெபமாலை. படித்த, சம்பளம் போதாத நடுத்தர வர்க்க எகிப்தியர். அரசியல் சட்டத்தையே தூக்கியெறிந்த இஸ்மாயில் சித்கி பிரதமராக இருந்த காலம். பத்திரிகைகளைப் பறிமுதல் செய்துகொண்டிருந்த காலம். பிரிட்டிஷ் பிடி வேறு. அந்த நேரத்தில் வாசகனின் அங்கலாய்ப்பை இந்த மனிதர் வாரந்தோறும் பேசினார்.

இதற்கு ஒரு மறுப்பு சொல்வார்கள். யோசனையும் வசனமும் ஆசிரியர் குழுவினுடையது, இங்கிலாந்தின் ‘டெய்லி எக்ஸ்பிரஸ்’ நாளிதழில் ஸ்ட்ரூப் வரைந்த ‘சின்ன மனிதர்’தான் முன்மாதிரி, சரூகான் வெறும் கைதானே என்பார்கள். முன்மாதிரி உண்மை. ஆசிரியர் குழுவோடு உட்கார்ந்து பேசி வரைந்ததும் உண்மை. ஆனாலும் லண்டன்காரரைக் கெய்ரோக்காரராக மாற்றியது யார்? தர்பூஷ் எப்படிச் சாயும், ஒரு குமாஸ்தா அமைச்சர் முன்னால் எப்படி நிற்பார், கோபத்தை எங்கே ஒளித்துக்கொள்வார் என்பதை வசனம் எழுதித் தர முடியாது. அதைக் கண்ணால் பார்த்தவன்தான் வரைய முடியும். மொழி சரியாகப் புரியாத ஊரில் மனிதர் முகத்தையும் உடம்பையும் பார்த்தே பிழைத்தவர் அவர். அதனால்தான் அவ்வளவு கூர்மையாகப் பார்த்தார் என்பது என் கருத்து.

அப்புறம், 1934-இல் அல் தாபி பிரிந்து ‘ஆகிர் சாஆ’ பத்திரிகையைத் தொடங்கியபோது சரூகானும் கூடவே போனார். 1946 முதல் ‘அக்பார் அல் யவ்ம்’ பத்திரிகையில் வரைந்தார். இரண்டாம் உலகப் போர்க் கார்ட்டூன்களைத் தொகுத்து 1945-இல் பிரெஞ்சில் ஒரு புத்தகமும் போட்டார். 1977-இல் மறைந்தார். இதற்கெல்லாம் நடுவில் ஒரு தேதி எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது: அவருக்கு எகிப்தியக் குடியுரிமை கிடைத்தது 1955-இல்தான். எகிப்தியர் ஒவ்வொருவரும் தன் முகம் என்று அடையாளம் கண்டுகொண்ட ஒரு பாத்திரத்தை இருபது வருடத்துக்கும் முன்பே வரைந்தவர், அதுவரை காகிதத்தில் அயலார்! உங்கள் கட்டுரையாளரும் அவரை அயலாராகவே விட்டுவிட்டாரே என்பதுதான் என் வருத்தம்.

போன இடத்தில் அச்சையும் பத்திரிகையையும் பிழைப்பாக்கிக்கொண்ட ஆர்மீனியர்கள் நமக்குப் புதியவர்கள் இல்லை. ஆர்மீனிய மொழியின் முதல் பத்திரிகையான ‘அஸ்தரார்’ 1794-இல் சென்னையில்தான் அச்சானது. நடத்தியவர் ஈரானின் ஷிராஸிலிருந்து வந்த பாதிரியார் ஹாருத்யூன் ஷ்மாவோனியன்.

ஆகவே ஒரு வேண்டுகோள். சரூகானுக்குத் தனிக் கட்டுரை ஒன்று வெளியிடுங்கள். மஸ்ரி எஃபெண்டி படம் ஒன்றையாவது, உரிய அனுமதி வாங்கி, முழுப் பக்கத்துக்குப் போடுங்கள். சென்ற இதழில் போட்டதுபோல் தபால்தலை அளவுக்குச் சுருக்கிவிட்டால் அந்தக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்விடும். மேலே நிறப் பின்னணியும் வேண்டாம், வெள்ளைத்தாளில் கறுப்பு மை போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
சிவகாசி