அடுத்த தலைமைப் பயிற்சியாளரைத் தேடும் பல்கலைக்கழக ஆட்சிக் குழுக்களுக்கு

மதிப்பிற்குரிய ஆட்சிக் குழு உறுப்பினர்களே, விளையாட்டுத் துறை இயக்குநர்களே,

வணக்கம். உங்கள் அமெரிக்கக் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் போய்விட்டார், அல்லது கிளம்பும் மனநிலையில் இருக்கிறார். இதற்குள் ஆள் தேடித் தரும் நிறுவனம் ஒன்றுக்கு முன்பணம் கொடுத்திருப்பீர்கள். நன்கொடையாளர் ஒருவரின் தனி விமானம் ஏதோ ஒரு சிற்றூர் விமான நிலையத்தில் இறங்கியிருக்கும். அது யாரை ஏற்றிக்கொண்டு வருகிறது என்று ரசிகர்கள் தூக்கம் கெட்டுக் கைப்பேசியில் துழாவிக்கொண்டிருப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். பெரிய பெயருக்குப் பின்னால் நீங்கள் ஓடுகிற ஓட்டமே அடுத்த காலியிடத்தை உண்டாக்குகிறது.

நான் அமெரிக்காவுக்குப் படிக்க வந்து, தலைக்கவசத்தோடு மோதிக்கொள்ளும் இந்த ஆட்டம் புரியாமல் விழித்து, பிறகு சனிக்கிழமைகளை அதற்கே எழுதிக் கொடுத்துவிட்ட ஆயிரக்கணக்கான தமிழர்களில் ஒருவன். முன்னாள் மாணவன் என்ற முறையில் நன்கொடை கேட்டு நீங்கள் அனுப்பும் கடிதங்களும் தவறாமல் வந்து சேர்கின்றன. ஆகவே கேள்வி கேட்க எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

2021 நவம்பர் கடைசியை நினைத்துப் பாருங்கள். நோட்டர் டேம் பல்கலைக்கழக அணி 11 ஆட்டங்களில் வென்று ஒன்றில் மட்டும் தோற்றிருந்தது. தேசியச் சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் சுற்றுக்குள் நுழையும் வாய்ப்பு இன்னும் கைவிட்டுப் போகவில்லை. அந்த நேரத்தில், 12 பருவங்கள் அங்கே இருந்து, அந்த அணியின் பழம்பெரும் பயிற்சியாளர் நூட் ராக்னியின் வெற்றிக் கணக்கையே தாண்டிய தலைமைப் பயிற்சியாளர் பிரையன் கெல்லி, லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகமான எல்.எஸ்.யு.வுக்குப் போகிறார் என்று செய்தி வெளியானது. மாணவர்களுக்கு இரவில் ஒரு குறுஞ்செய்தி, மறுநாள் அதிகாலையில் சில நிமிடங்களே நீடித்த ஒரு கூட்டம், அவ்வளவுதான் விடைபெறல். அந்த வாரமே எல்.எஸ்.யு. இருக்கும் பேட்டன் ரூஜில் கூடைப்பந்து அரங்கின் நடுவில் நின்றுகொண்டு, பிறந்ததிலிருந்து தென்மாநிலத்தில் வளர்ந்தவர் போல ஓர் உச்சரிப்பை வரவழைத்துக்கொண்டு, குடும்பம் குடும்பம் என்று பேசினார். பாஸ்டன் பக்கத்துக்காரர் அவர். நாடே சிரித்தது.

நோட்டர் டேம் அப்போது செய்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். தற்காப்புப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த 35 வயது மார்கஸ் ஃப்ரீமனை டிசம்பர் 3ஆம் தேதி தலைமைப் பயிற்சியாளராக அறிவித்தது. அவர் உள்ளே நுழைந்ததும் வீரர்கள் பாய்ந்து சூழ்ந்துகொண்டு துள்ளிக் குதித்த காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எந்தத் தேடல் நிறுவனமும் விலைக்குத் தர முடியாத சான்றிதழ் அது.

பிறகு எல்லாம் நன்றாகவே போனதா? இல்லை. முதல் ஆட்டத்திலேயே 28-7 என்று முன்னிலையில் இருந்து, ஓக்லஹோமா ஸ்டேட்டிடம் 37-35 என்று தோற்றார். அடுத்த பருவத்தில் சொந்த மைதானத்தில் மார்ஷலிடம் தோல்வி. 2024இல் அதைவிட அவமானம்: நார்தர்ன் இல்லினாயிடம் 16-14. வேறு ஊராக இருந்தால் அன்றிரவே பெட்டியைக் கட்டச் சொல்லியிருப்பார்கள். நோட்டர் டேம் பொறுத்தது. அதே பருவத்தின் முடிவில், 2025 ஜனவரியில், ஃப்ரீமனின் அணி தேசிய இறுதியாட்டத்தில் நின்றது. ஒஹையோ ஸ்டேட்டிடம் தோற்றார்கள் என்பது உண்மை. ஆனால் கெல்லியால் எல்.எஸ்.யு.வில் ஒருமுறைகூட பிளேஆஃபுக்குள் காலடி வைக்க முடியவில்லை.

கெல்லிக்கு எல்.எஸ்.யு. கொடுத்தது பத்தாண்டு ஒப்பந்தம், ஏறத்தாழ 95 மில்லியன் டாலர். 34 வெற்றி, 14 தோல்வி. 2025 அக்டோபரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியிடம் 49-25 என்று தோற்ற மறுநாள் வேலை போயிற்று. மீதிக் காலத்துக்குத் தர வேண்டிய தொகை சுமார் 54 மில்லியன். மாநில ஆளுநரே வெளிப்படையாகக் கொதித்தார். சில நாட்களில் விளையாட்டுத் துறை இயக்குநரும் வெளியேறினார். 2017இல் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷருக்கு டெக்சஸ் ஏ அண்ட் எம்மில் பத்தாண்டு, 75 மில்லியன் என்று உறுதியளித்ததும் இதே இயக்குநர்தான். பின்னால் வந்தவர்கள் அதை இன்னும் நீட்டித்துக் கொடுத்தார்கள். 2023இல் ஃபிஷரை அனுப்பியபோது கொடுக்க ஒப்புக்கொண்டது 75 மில்லியனுக்கும் மேல்.

இதோடு இன்னொரு எண்ணையும் வைத்துப் பாருங்கள். நீதிமன்ற உடன்பாட்டின்படி 2025 ஜூலையிலிருந்து பல்கலைக்கழகங்கள் தங்கள் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டுக்கு உச்சவரம்பு, எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து, ஏறக்குறைய 20.5 மில்லியன் டாலர். களத்தில் முழங்கால் உடைகிறவர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து ஓராண்டுக்கு 20. வேலை செய்யாமல் வீட்டிலிருக்க ஒருவருக்கு 54. எந்த ஆட்சிக் குழுக் கூட்டத்தில் யார் கைதூக்கி இதற்குச் சம்மதித்தார்கள்?

எல்.எஸ்.யு. இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டது? அடுத்த பெரிய பெயரை ஏழாண்டுக்கு, ஆண்டுக்கு சுமார் 13 மில்லியன் என்று பிடித்தது. லேன் கிஃபின். 2010இல் ஒரே பருவத்தில் டென்னசி பல்கலைக்கழகத்தை விட்டுக் கிளம்பி, நாக்ஸ்வில் மாணவர்களைத் தெருவில் இறங்கிக் கத்த வைத்தவர். இம்முறை அவர் விட்டுப்போனது ஓல் மிஸ் என்று எல்லோரும் அழைக்கும் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தை, அதுவும் 11-1 என்ற கணக்கோடு முதன்முறையாக பிளேஆஃபுக்குள் அணி நுழையவிருந்த வேளையில். பிளேஆஃப் முடியும்வரை நானே நடத்துகிறேன் என்று கேட்டுப் பார்த்தார். முடியாது என்றார் இயக்குநர் கீத் கார்ட்டர். நவம்பர் 30 அன்று ஓல் மிஸ் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு ஊரின் விமான நிலைய வேலிக்கு வெளியே கூடி ரசிகர்கள் கொடுத்த வழியனுப்புதலை அச்சில் விவரிக்க முடியாது.

அன்றே தற்காப்புப் பயிற்சியாளர் பீட் கோல்டிங்கைத் தற்காலிகமாக அல்ல, நிரந்தரமாகவே நியமித்தார்கள். துலேனை 41-10 என்று வென்றார். புத்தாண்டு நாளில் நியூ ஆர்லின்ஸில் ஜார்ஜியாவை 39-34 என்று வீழ்த்தினார். அரையிறுதியில் மயாமியிடம் 31-27 என்று நூலிழையில் தோற்றார். இதில் ஒரு வேடிக்கை: எல்.எஸ்.யு.வில் கிஃபினோடு சேரவிருந்த தாக்குதல் பிரிவுப் பயிற்சியாளரே அந்த ஆட்டங்களுக்கும் ஓல் மிஸ்ஸில் இருந்து வியூகம் சொன்னார்.

கிஃபினை மட்டும் திட்டித் தீர்ப்பதும் நியாயமில்லை. எந்தக் கல்லூரி அணியில் சேரப்போகிறோம் என்று பள்ளி மாணவர்கள் கையெழுத்திடும் நாளை டிசம்பர் தொடக்கத்தில் வைத்தது யார்? உங்கள் பிரதிநிதிகள்தான். ஆட்டம் ஜனவரி மூன்றாம் வாரம்வரை நீள்கிறது. அதற்கு ஒன்றரை மாதம் முன்பே புதிய பயிற்சியாளர் புதிய ஊரில் உட்கார்ந்திருக்க வேண்டும். இப்படி ஒரு நாட்காட்டியைப் போட்டுவிட்டு விசுவாசத்தைப் பற்றி அறிக்கை விடுகிறீர்கள்.

எப்போதும் உள்ளிருந்தே ஆளை எடுங்கள் என்று நான் சொல்லவில்லை. மிச்சிகன் 2024இல் உள்ளிருந்தே எடுத்தது, இரண்டு பருவத்தில் அவரை நீக்க நேர்ந்தது. இண்டியானாவோ வெளியிலிருந்து எடுத்தது: 2023இல், 62 வயதில், ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கர்ட் சிக்னெட்டி. தோல்விக் கணக்கில் நாட்டிலேயே முன்னணியில் இருந்த அந்த அணி 2025 பருவத்தில் 16-0 என்று தேசியச் சாம்பியன் ஆனது. ஆனால் அவரை வரவேற்க யாரும் விமான நிலையத்தில் காத்துக்கிடக்கவில்லை. அவர் போன இடமெல்லாம் அணி வென்றிருக்கிறது என்பதை யாரோ பொறுமையாகப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவே.

எனவே கையெழுத்திடும் முன், வருபவரை உங்கள் இரண்டாமாண்டு, மூன்றாமாண்டு வீரர்களோடு ஒரு மணி நேரம் தனியே உட்கார வையுங்கள். கேமராவும் வேண்டாம், நன்கொடையாளரும் வேண்டாம். பிறகு அவர்களிடம் கேளுங்கள். கையெழுத்து நாளைப் பருவம் முடிந்த பிறகுக்குத் தள்ளச் சொல்லி உங்கள் அணி ஆடும் லீக்கின் தலைவர்களிடம் வலியுறுத்துங்கள். நீக்கப்பட்டவர் வேறு வேலையில் சேர்ந்தால் அந்தச் சம்பளம் நீங்கள் தர வேண்டியதிலிருந்து கழியும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஃபிஷரின் ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லை. பயிற்சியாளரின் முகவர் மறுத்தால், அவரை வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுங்கள்.

இதற்கெல்லாம் பதில் வரும்வரை, இந்த ஆண்டு நன்கொடைக் கடிதத்தோடு வந்த உறை என் மேசையிலேயே இருக்கும்.

இப்படிக்கு,
டிக்கெட் வாங்கி மேல்வரிசையில் உட்காரும் ஒரு முன்னாள் மாணவன்