சளியில் ஒன்றுமில்லை என்றால் நோயில்லை என்று பொருளா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், "சளிப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால் கவலையை விட்டுவிடலாம்" என்று ஒரு வரி அச்சாகியிருந்தது. அப்படி ஒரு வார்த்தையை நம்பித்தான், மண்ணில் வாழும் கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ் என்ற நோயைக் கண்டுகொள்ளாமல் எங்கள் வீட்டில் இரண்டரை மாதங்களைத் தொலைத்தோம்.

என் அண்ணன் கூடலூர்ப் பக்கம் வயல் வைத்திருப்பவர். வெகுநாள் சர்க்கரை நோயாளி. ஆடி மழையில் வெறுங்காலோடு நடவுக்கு இறங்கியவருக்கு, ஆவணி பிறப்பதற்குள் காய்ச்சலும் இருமலும் பற்றிக்கொண்டன. காசநோய்க் கிருமி உண்டா என்று இரண்டு முறை சளியைப் பார்த்தார்கள். இல்லை என்று வந்ததும் இருமல் மருந்தோடு அனுப்பிவிட்டார்கள். உடம்பு இளைத்துக்கொண்டே போனபின், சளியில் இல்லாவிட்டாலும் எக்ஸ்ரே படம் அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லிக் காசநோய் மாத்திரையையே கொடுத்தார்கள். தேடிய கிருமி இல்லை என்றால் வேறெந்தக் கிருமியும் இல்லை என்று எப்படி முடிவு கட்டினார்களோ, கட்டுரையாளரைத்தான் கேட்க வேண்டும்.

பிறகு கல்ச்சர், அதாவது சளியிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, பார்க்கச் சொன்னார்கள். சளி டப்பாவை மஞ்சள் பையில் சுற்றி, நடுவட்டம் வளைவுகளில் மூடி கழன்றுவிடுமோ என்று மடியிலேயே பிடித்தபடி, கோவை வரை பேருந்தில் கொண்டுபோனவன் நான். மூன்றாம் நாள் வந்த தாளில் "சூடோமோனாஸ் வகை, வெளிக்கலப்பாக இருக்கலாம்" என்று இருந்தது; அதாவது அந்த வகைக் கிருமி நோயாளியிடமிருந்து வராமல், வெளியிலிருந்து மாதிரியில் கலந்திருக்கலாம் என்று பொருள். மருத்துவர் அதை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

சமவெளியில் வேறொரு மருத்துவமனையில், எக்ஸ்ரேயைத் தொடுமுன் "வயல் வேலையா? சர்க்கரை உண்டா?" என்று கேட்ட மருத்துவர், அந்தப் பழைய தாளைப் பிரித்துப் பேனா முனையால் மூன்று வரிகளைத் தொட்டுக் காட்டினார்: ஜென்டாமைசின், கொலிஸ்டின் என்ற கிருமிக்கொல்லி மருந்துகளுக்கு அடங்கவில்லை, அமாக்ஸிகிளாவ் என்ற மருந்துக்கு அடங்குகிறது. சாதாரண சூடோமோனாஸ் இப்படி நடந்துகொள்ளாது என்றார். ரத்தம், சளி, சிறுநீர், தொண்டைத் துடைப்பு எல்லாம் எடுத்து, மெலியோய்டோசிஸ் சந்தேகம் என்று சீட்டில் எழுதியே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். எழுதினால்தான் ஆஷ்டவுன் என்ற தனி வளர்ப்பு ஊடகத்தில் இட்டு ஒரு வாரம் வரை பொறுத்துப் பார்ப்பார்களாம்; அங்கே வேலை செய்வோரும் எச்சரிக்கையாகக் கையாள்வார்களாம். நான்காம் நாள், சுருக்கம் விழுந்த தோல் போலத் தட்டில் வளர்ந்து நின்றது அந்த நோயின் கிருமியான பர்கோல்டேரியா சூடோமல்லி. இரண்டு வாரம் நரம்பு வழி மெரோபெனம், அதன்பின் மூன்று மாதம் மாத்திரை, அண்ணன் எழுந்துவிட்டார்.

இது புது நோயன்று என்பது தாங்கள் அறியாததல்ல. பர்மாவின் ரங்கூனில் விட்மோர், கிருஷ்ணசாமி என்ற மருத்துவர்கள் இதைப் பற்றி எழுதியது 1912-இல். நூறாண்டு கடந்தபின்னும் நம் ஊரில் வெளிக்கலப்பு என்று ஒதுக்குகிறார்கள். கல்ச்சரிலும்கூட நூறு நோயாளிகளில் ஏறத்தாழ 60 பேருக்குத்தான் பிடிபடும் என்பதால், ஒரு முறை இல்லை என்று வந்தாலும் சந்தேகம் இருந்தால் திரும்ப எடுக்க வேண்டும். இடையில் ஒரு தனியார் கூடம் கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் உண்டா என்று பார்க்கலாம் என்று எங்களிடம் பணம் வாங்கிய கதையும் உண்டு. இந்தக் கிருமி மண்ணிலேயே உள்ள ஊர்களில் நோயே இல்லாதவருக்கும் அந்த எதிர்ப்பொருள் இருக்கக்கூடும் என்பதைப் பணம் கட்டிய பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

இதே பகுதிக்கு முன்பும் இரு முறை எழுதியிருக்கிறேன். மதியத்துக்கு மேல் மாதிரி வாங்காத ஆய்வுக்கூடத்தைப் பற்றிய கடிதம் வெளிவரவில்லை. மலர்க் கண்காட்சி வாரம், இடம் இருந்திருக்காது. மலையிலிருந்து இறங்கும் மாதிரிகள் வழியிலேயே கிடப்பதைப் பற்றிய கடிதம் வந்தது. அதில் தங்கள் இதழை நான் பாராட்டிய வரி மட்டும் வெட்டுப்படாமல் இருந்தது. மிக்க நன்றி.

இம்முறை கேட்பது நான்கு வரிதான். சர்க்கரை நோயுள்ளவர்கள், சேற்றிலும் மண்ணிலும் வேலை செய்பவர்கள், காசநோய் இல்லை என்று வந்தபின்னும் இருமலும் காய்ச்சலும் விடாவிட்டால், இந்த நோயின் பெயரைச் சொல்லிக் கல்ச்சர் எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும் என, அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் அடுத்த இதழில் வெளியிடுங்கள். "வெளிக்கலப்பு" என்று எழுதிய தாளின் நகலை இணைத்துள்ளேன். அண்ணனின் பெயரையும் ஆய்வுக்கூடத்தின் பெயரையும் மை பூசி மறைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
கூடலூர், நீலகிரி.