நிறுத்துன்னு சொன்னாங்க, பதிலுக்கு என்ன குடுக்கணும்னு யாரும் சொல்லல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் பையனுக்கு எட்டாவது மாசம் முதல் தடவையா பசும்பால் குடுத்தப்ப அரை மணி நேரத்துல உடம்பெல்லாம் தடிச்சு உதடு வீங்கிடுச்சு. டாக்டர் பாலை நிறுத்தச் சொன்னார், அது சரிதான், அதுல எனக்குக் குறையே இல்ல. ஆனா அவனுக்குத் தோல்ல இருந்த அரிப்புக் கரப்பான் குறையலையேன்னு அப்புறம் ஒரு லேப்ல பிளட் டெஸ்ட் எடுத்தோம், முட்டை, கோதுமை, மீன், பருப்பு, வேர்க்கடலைன்னு ரெண்டு பக்கத்துக்கு லிஸ்ட் குடுத்தாங்க, நாங்களும் பயந்துபோய் ஒண்ணு விடாம நிறுத்திட்டோம். மிச்சம் இருந்தது அரிசிக்கஞ்சி, உருளைக்கிழங்கு, வாழைப்பழம், அப்புறம் எட்டு பாதாம் ஊறவெச்சு அரைச்ச பால். வெயில் பட்டா அரிப்பு கூடும்னு வெளியவும் விடல.

ஒன்றரை வயசாகியும் நடக்கல. ஒருநாள் எங்கம்மா குளிப்பாட்டிட்டு வெள்ளிக் காப்பு போட்டுவிடப் பாத்தாங்க, கை குச்சி மாதிரி இருக்கு, ஆனா மணிக்கட்டுகிட்ட எலும்பு பொடச்சுக்கிட்டு காப்பு ஏறவே மாட்டேங்குது. எக்ஸ்ரே எடுத்தா ரிக்கெட்ஸ். கால்சியமும், வெயில் பட்டா உடம்புல உண்டாகுற விட்டமின் டியும் இல்லாம எலும்பு கெட்டிப்படவே இல்லைன்னாங்க.

அப்பதான் ஒரு குழந்தைகள் டாக்டர் உக்காரவெச்சு கணக்கு சொன்னாங்க. ஒரு டம்ளர் பசும்பால்ல கால்சியம் 240 மில்லிகிராம் கிட்ட இருக்கும், எங்க எட்டு பாதாம்ல 30 கூட தேறாது. 2001லயே அமெரிக்கால அட்லாண்டாவுல பாலுக்குப் பதிலா அரிசிப் பானமே குடிச்ச குழந்தைக்குப் புரதம் இல்லாம உடம்பு வீங்கிப்போச்சு, சோயா பானம் குடிச்ச இன்னொரு குழந்தைக்கு ரிக்கெட்ஸ்னு டாக்டருங்க எழுதி வெச்சிருக்காங்களாம். சொந்தக்காரங்க ஆட்டுப்பால் குடுன்னாங்களே, அதுவும் ஆகாது, பசும்பால் ஒத்துக்காத குழந்தைங்க பெரும்பாலானவங்களுக்கு ஆட்டுப்பாலும் ஒத்துக்காது.

ரத்தத்துல பாசிட்டிவ்னு வந்துட்டா மட்டும் அது அலர்ஜி ஆகிடாது, சாப்பிட்டா உண்மையிலயே ஏதாவது ஆகுதான்னு பாக்கணும்னு சொல்லி ஆஸ்பத்திரியிலயே வெச்சு ஒவ்வொண்ணா கொஞ்சம் கொஞ்சமா குடுத்துப் பாத்தாங்க. (இத வீட்ல யாரும் தயவுசெஞ்சு செஞ்சு பாக்காதீங்க, மூச்சு அடைச்சா உயிருக்கே ஆபத்து.) முட்டை, கோதுமை, பருப்பு, மீன் எதுவுமே அவனை ஒண்ணும் பண்ணல! பால் மட்டும்தான் ஆகல. ஒரு வருஷம் பிள்ளைக்கு ஒரு முட்டை கூட குடுக்காம இருந்துட்டேனேன்னு இப்பவும் வயிறு எரியுது. இப்ப முளைகட்டின கேழ்வரகுக் கூழ், முள்ளோட மசிச்ச நெத்திலி, முருங்கைக்கீரை, கூடவே டாக்டர் எழுதின கால்சியம், விட்டமின் டி. நடக்குறான், கால் இன்னும் லேசா வளைஞ்சுதான் இருக்கு.

டாக்டருங்ககிட்ட நான் கேக்குறது ஒண்ணுதான், பால் வேண்டாம்னு எழுதுற அதே சீட்டுல பதிலுக்கு என்ன, எவ்வளவுன்னும் எழுதிக் குடுங்க, மாசாமாசம் எடையும் உயரமும் பாருங்க. அரசு ஆஸ்பத்திரியில அலர்ஜி பிள்ளைங்களுக்கு உணவு ஆலோசகரைப் பாக்க ஒரு நாள் ஒதுக்கினா எங்கள மாதிரி லேப் லிஸ்ட்ட கையில வெச்சுக்கிட்டு முழிக்கிறவங்க எத்தனையோ பேர் வருவாங்க.

ஒரு தாய், ஈரோடு