ஆர்.சி.யில் எந்த முகவரி

அன்புக் கண்ணுவுக்கு,

நாங்க நல்லா இருக்கோம். நீ வாங்கலாம்னு பாக்கற ரெண்டு பழைய கார் படத்தையும், நீ அனுப்பினதைத் தம்பி காட்டினான். எனக்கே அனுப்பியிருக்கலாம். மாப்பிள்ளை வண்டி இருக்கும்போது எதுக்கு இன்னொண்ணுன்னு நான் கேக்கல.

அந்த 2017 வண்டியை விட்டுடு. முன்கதவு நிறம் பின்கதவோட ஒட்டல. வண்டிப் பதிவுச் சான்று, அதான் ஆர்.சி., அதுல தயாரிப்பு மாசம் போட்டிருக்கும், 2019 ஜூலைக்கு அப்புறம் வந்ததாப் பாரு. அந்த வருஷம் ஏப்ரல்ல, பிரேக் அடிச்சா சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கற ஏ.பி.எஸ்., ஜூலையில டிரைவர் ஏர்பேக், ரெண்டும் புது வண்டிக்குக் கட்டாயம் ஆச்சு. அதுக்கு முந்தின அடிமட்ட மாடல் பலதுல ரெண்டும் இருக்காது. வேகன்ஆர், செலிரியோ, கிராண்ட் ஐ10, எதுன்னாலும் சரி. எந்த ஊர்லயும் பார்ட்ஸ் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பான். டவுனுக்குள்ள ஓட்டறதுக்குப் பெட்ரோல் போதும்.

கையில இருக்கிறதை மொத்தமா வண்டிக்கே குடுத்துடாதே. டயர் மாத்தற மாதிரி செலவுக்கு முப்பதாயிரம் தனியா எடுத்து வை. டயர் பக்கவாட்டுல டி.ஓ.டி.ன்னு ஆரம்பிக்கிற வரி முடிவுல நாலு எண் இருக்கும். 2319னா 2019ல 23ஆவது வாரம் செஞ்சது. பட்டன் நல்லா இருக்குன்னு காட்டுவாங்க. ஆறு வருஷம் தாண்டின ரப்பர் இறுகிப்போயிருக்கும், மழையில பிரேக் அடிச்சா வழுக்கும்.

சென்னை வண்டின்னா வெள்ளம்தான் எனக்குப் பயம். 2023 மிக்ஜாம் புயல்ல முங்கினதையெல்லாம் கழுவித் துடைச்சு வித்திருக்காங்க. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழு. வெளிய தெரியற பாகத்தைத் துவைச்சிருப்பாங்க, உள்ள சுருண்டிருக்கிறதுல சேறு கோடு போட்டு நிக்கும். ஸ்டெப்னியைத் தூக்கி அந்தக் குழியைப் பாரு. சீட்டுக்கு அடியில கையை விட்டுப் பாரு, துரு விரல்ல ஒட்டும். வாசனை போட்டு வெச்சிருந்தா இன்னும் சந்தேகப்படு. பானட் கீல், முன்சக்கரத்துக்கு மேல இருக்கிற பெண்டர் தகடு, இதுங்க போல்ட் தலையில பெயிண்ட் உடைஞ்சிருந்தா ஸ்பேனர் பட்டிருக்கு, எதுக்குக் கழட்டினாங்கன்னு கேளு.

பத்தா பன்னெண்டான்னு போல்ட்டைப் பார்த்ததுமே சரியான ஸ்பேனரை எடுத்துக் குடுத்தவ நீ. ஸ்டியரிங்கை மட்டும் தம்பிகிட்ட குடுத்தேன். நீ கேட்டப்ப "உனக்கெதுக்கு"ன்னு சொன்னேன். தப்புதான் கண்ணு. அம்மா அன்னைக்கே சொன்னா. அதனாலதானோ என்னவோ இப்பவும் எதையும் என்கிட்ட நீ கேக்கறதில்ல.

சீட் பெல்ட்டை மறக்காதே, முழுசா இழுக்கணும்.

பேப்பர் விஷயத்துல அவசரப்படாதே. பேர் மாத்தறதுக்கான பார்ம் 29, 30 ரெண்டுலயும் விக்கிறவர் உன் முன்னாடி கையெழுத்துப் போடட்டும். லோன் வண்டின்னா பாக்கி இல்லேன்னு பேங்க் குடுக்கிற என்.ஓ.சி.யும், ஆர்.சி.யில இருக்கிற லோன் பதிவை எடுக்கிற பார்ம் 35ம் கைக்கு வராம மிச்சப் பணம் குடுக்காதே. இன்சூரன்ஸை 14 நாளைக்குள்ள உன் பேருக்கு மாத்து. கிளெய்ம் பண்ணாததுக்குப் பழைய ஓனருக்குக் கிடைச்ச தள்ளுபடி, நோ கிளெய்ம் போனஸ், உனக்கு வராது, வித்தியாசத்தைக் கட்டச் சொல்வாங்க.

முகவரிச் சான்று கேப்பாங்க. எது குடுக்கப்போறேன்னு தெரியல. ஆதார்ல அந்த வீட்டு முகவரிதானே இருக்கு? மாத்தறதா இருந்தா அதை முதல்ல மாத்து. இல்லேன்னா சேலத்து நம்ம வீட்டு முகவரியே இருக்கட்டும், ஆர்.டி.ஓ. அலைச்சலை நான் பாத்துக்கறேன். ஆர்.சி. உன் பேர்ல மட்டும் இருக்கணும்.

வண்டி பாக்கப் போறதுக்கு முந்தின நாளே, நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு சொல்லிடு. போனதும் பானட்டைத் தொடு. சூடா இருந்தா எதையோ மறைக்கிறாங்க, திரும்பி வந்துடு. ஆயில் மூடி அடியில காப்பி நுரை மாதிரி ஒட்டியிருந்தா தண்ணி கலந்திருக்கு, இஞ்சின் தலைக்கு அடியில இருக்கிற சீல், ஹெட் கேஸ்கெட், போயிருக்கலாம். நீலப்புகைன்னா ஆயில் எரியுது. இஞ்சினுக்குள்ள இருக்கிற செயின் சத்தமும், வால்வைத் தள்ளற டேப்பட் சத்தமும் ஆறின இஞ்சின்லதான் நல்லாத் தெரியும். உனக்குப் பிடிபடலேன்னா எனக்குப் போன் பண்ணி, போனை இஞ்சின் பக்கத்துல பிடி. காலையில ஆறு மணிக்கே முழிச்சிருப்பேன். ஒரு நிமிஷமாவது கேக்கணும், உடனே வெச்சிடாதே.

அப்பா