சாஃப்ட்பாலுக்கு ஒரு வரிதானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2028 ஒலிம்பிக்கில் கிரிக்கெட் சேர்க்கப்பட்டது பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் விரிவாக எழுதியிருந்தீர்கள். நல்ல கட்டுரைதான். ஆனால் அதே முடிவில், பேஸ்பாலைப் போன்ற ஆட்டமான சாஃப்ட்பாலும் ஒலிம்பிக்கிற்குத் திரும்ப வருகிறது. அதற்குக் கடைசியில் ஒரே ஒரு வரி. (அந்த ஆட்டங்கள் ஒலிம்பிக் நடக்கும் லாஸ் ஏஞ்சல்ஸில்கூட நடக்கப் போவதில்லை. மைதானம் தயாராக இருக்கிறது என்று ஓக்லஹோமா சிட்டிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.)

பெண்கள் சாஃப்ட்பாலில் ஆசியா ஒன்றும் பின்தங்கிய கண்டம் இல்லை. 2008 பெய்ஜிங்கிலும் 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவைத் தோற்கடித்துத் தங்கம் வாங்கியது ஜப்பான். ஜூனியர் உலகப் போட்டி 1981-இல் கனடாவின் எட்மன்டனில் தொடங்கியபோது முதல் கோப்பையும் ஜப்பானுக்குத்தான். ஜப்பானின் யுகிகோ உவேனோ என்ற பிட்சர், அதாவது பந்து வீசுபவர், 1999-இல் பள்ளி மாணவியாக ஜூனியர் உலகப் பட்டம் வென்ற அணியில் இருந்தவர். பெய்ஜிங்கில் இரண்டே நாளில் மூன்று ஆட்டம் ஆடி 413 பந்து வீசினார். டோக்கியோ இறுதி ஆட்டத்தில் வீசியபோது அவருக்கு வயது 39.

நம் ஜூனியர் பெண்கள் வெளிநாடு போய்த் தோற்றால் மட்டும் '15-0, படுதோல்வி' என்று செய்தி வருகிறது. இரண்டு அணியும் ஒருமுறை பேட்டிங் செய்து முடித்தால் அது ஒரு இன்னிங்ஸ். மூன்று இன்னிங்ஸ் முடிவில் 15 ரன் வித்தியாசம் இருந்தால் ஆட்டத்தை அத்தோடு நிறுத்திவிடுவார்கள். நான்கு முடிந்து 10, ஐந்து முடிந்து 7 என்றாலும் அப்படியே. ஏழு இன்னிங்ஸ் ஆட்டம் எத்தனையாவதில் நின்றது என்று எழுதாமல் ஸ்கோரை மட்டும் போட்டால் வாசகருக்கு என்ன புரியும்?

எனக்குத் தெரிந்தவரை, தோல்விக்குக் காரணம் பாதிக்கு மேல் பிட்சிங்தான். பிட்சர் நிற்கும் இடத்துக்கும், பேட்டிங் செய்பவள் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் நடுவே 43 அடி, அதாவது 13.1 மீட்டர்தான். கையை முழு வட்டமாகச் சுற்றி, இடுப்போரம் கொண்டுவந்து கீழிருந்து விடுவார்கள். 100 கிலோமீட்டர் வேகத்தில் விட்டால் பந்து வந்து சேர அரை விநாடிகூட ஆகாது. அதற்குள் பார்த்து, அடிப்பதா விடுவதா என்று முடிவெடுத்து, பேட்டையும் சுற்றியாக வேண்டும். உள்ளூரில் அந்த வேகத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத பிள்ளை, சர்வதேச ஆட்டத்தில் போய் முதல்முறையாகப் பார்த்தால் எப்படி அடிப்பாள்? ஜூனியர் போட்டிக்கு இப்போது வயது வரம்பு 18. கல்லூரிக்கு வந்த பிறகு கற்றுக்கொள்ளலாம் என்றால் ரயில் போயே போய்விட்டது.

நான் இந்த ராமநாதபுரம் கடற்கரையில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் பக்கம் கிளவுஸ் எப்போதுமே பற்றாக்குறை. மூன்று அவுட் ஆனதும் பிள்ளைகள் கிளவுஸைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டு பேட்டிங் செய்ய ஓடுவார்கள். எதிரணி அதையே எடுத்து மாட்டிக்கொள்ளும். அதில் இடது கைப் பிள்ளை இருந்தால் அவள் பாடு திண்டாட்டம். கிளவுஸ் எல்லாம் வலது கைக்காரர்களுக்கு வாங்கியது. வீசும் கையிலேயே மாட்டிப் பந்தைப் பிடித்து, கழற்றி, அப்புறம் எறிவாள். அதற்குள் ரன் எடுக்க ஓடும் எதிரணிப் பிள்ளை அடுத்த பேஸுக்கு, அதாவது ஓடித் தொட வேண்டிய அடுத்த இடத்துக்கு, போயிருப்பாள். இடது கைப் பிட்சர் ஒருத்தி கிடைப்பது எவ்வளவு அபூர்வம் என்று விளையாட்டுக்காரர்களுக்குத் தெரியும். நாங்கள் அவளை முதல் வாரத்திலேயே கபடிக்கு அனுப்பிவிடுவோம்.

ஆடி மாதக் கச்சான் காற்றில் இங்கே பந்து எறிந்து பழகிய கை சாதாரணக் கை இல்லை. பாம்பன், தங்கச்சிமடம் பிள்ளைகளிடம் தோள் வலு இருக்கிறது. கற்றுக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி மைதானத்தில் பயிற்சி வைத்தாலும் ராமேஸ்வரத்துப் பிள்ளை ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் வர வேண்டும். இருட்டுவதற்குள் வீடு சேரவில்லை என்றால் மறுநாள் அம்மா அனுப்ப மாட்டார். அதில் அந்த அம்மாவைக் குறை சொல்லவும் முடியாது.

அதனால் ஸ்டேடியம் எல்லாம் நான் கேட்கவில்லை. மண்டபத்தில் ஒன்று, தொண்டிப் பக்கம் ஒன்று, சாயல்குடிப் பக்கம் ஒன்று என ஏதாவது ஒரு பள்ளி மைதானத்தில் 43 அடி அளந்து கோடு போட்டு, பிட்சிங் தெரிந்த ஒருவரை வாரம் இரண்டு மாலை அனுப்பினால் போதும். கிளவுஸ் வாங்கும்போது இடது கைக்காரர்களுக்கும் இரண்டு சேர்த்து வாங்கட்டும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பிள்ளையைப் பிடித்தால்தான் ஜூனியர் தேர்வுக்கு முன் நாலைந்து வருஷம் கிடைக்கும்.

உங்களிடம் ஒரு கோரிக்கை. நம் ஜூனியர் பெண்கள் அடுத்த முறை வெளிநாடு போகும்போது, ஜெயித்தாலும் தோற்றாலும் சரி, இன்னிங்ஸ் வாரியாக ஸ்கோரையும் இரண்டு பக்கத்துப் பிட்சர்கள் பெயரையும் போடுங்கள். நாலு வரிக்கு மேல் இடம் பிடிக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
மண்டபம்.