நிலாவின் தெற்கு தெஹிவளைப் பக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழின் மாணவர் பக்கத்தில் நிலவின் தென்துருவப் பகுதியில் உள்ள பெரும் பள்ளம் பற்றி வந்த கட்டுரையை ஆசையோடு வாசித்தேன். அந்தப் பள்ளத்தின் பெயரான கிளேவியஸைத் தமிழ்ப் பத்திரிகையில் பார்ப்பதே அபூர்வம். ஆனால் கடைசிப் பந்தியில், வருகிற போயா, அதாவது பூரணை இரவில் நிலவின் அடிப்பகுதியைப் பார்த்தால் இந்தப் பள்ளத்தைக் காணலாம் என்று முடித்திருந்தார்கள். நாளும் பிழை, திசையும் பிழை. அதை நம்பி மொட்டை மாடிக்கு ஏறுகிற பிள்ளை ஏமாந்து இறங்கும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் நாள். சில வருடங்களுக்கு முன்பு ஒரு பாடசாலையில் நிலா பார்க்கும் இரவு வைத்தார்கள். போயா விடுமுறை என்பதால் எல்லோருக்கும் வசதி. என்னுடைய மூன்று அங்குலத் தொலைநோக்கியையும் தூக்கிக்கொண்டு போனேன். அறுபது பிள்ளைகளாவது வரிசையில் நின்றிருப்பார்கள். முதலாவதாகக் கண்ணை வைத்த சிறுமி உடனே தலையை எடுத்து, "டியூப் லைட்டைப் பார்த்த மாதிரி இருக்கு சேர்" என்றாள். பின்னால் நின்றவர்களும் அதையேதான் வேறு வேறு விதமாகச் சொன்னார்கள். பிள்ளைகளில் குற்றமில்லை. பூரணையன்று சூரியன் நமக்குப் பின்னால் நின்று நிலாவின் முகத்தில் நேராக வெளிச்சம் அடிக்கிறது. நிழலே விழாது. நிழல் இல்லாவிட்டால் பள்ளமும் மேடும் ஒரே வெள்ளை. அன்றைக்கு எடுப்பாகத் தெரிவது டைக்கோ என்ற பள்ளத்திலிருந்து நாலா பக்கமும் சிதறிய வெள்ளைக் கீற்றுகள்தான். அதற்குச் சற்றுத் தெற்கே இருக்கும் கிளேவியஸ், டைக்கோவைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் அகலமானது. அப்படியிருந்தும் அன்று அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சரி, எப்போது பார்ப்பது? கிளேவியஸில் சூரியன் உதிக்கும் நேரத்தில். வளர்பிறை அட்டமி கழிந்து நவமி, தசமி என்று வரும் இரண்டு இரவுகளில் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையிலான கோடு அந்தப் பள்ளத்தின் மேலாகவும் அதை ஒட்டியும் போகும். கணக்குக்கு, போயாவுக்கு ஐந்தாறு நாள் முன்பு. அட்டமி நவமியில் நல்ல காரியம் தொடங்கக்கூடாது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். கிளேவியஸுக்கு அதுதான் முகூர்த்தம்.

போன வருடம் ஒரு நவமி இரவில் பேத்தியை மாடிக்குக் கூட்டிப்போனேன். முதலில் அவள் பார்த்தது ஒரு கரிய வாய், அதைச் சுற்றி வெயில் பட்டு மின்னும் விளிம்பு. ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்த்தபோது அந்தக் கறுப்புக்குள் இரண்டு சின்ன வளையங்கள் தனியே மிதந்தன. உள்ளே இருக்கும் சிறிய பள்ளங்களின் உதடுகளுக்கு வெயில் முதலில் வந்துவிட்டது, தரை இன்னும் இருட்டில். அடுத்த நாள் பார்த்தால் முழுத் தரையும் வெளிச்சம். தென்கிழக்கு விளிம்பில் உள்ள ரதர்ஃபர்டில் தொடங்கி, ஒன்றைவிட ஒன்று சிறியதாக ஒரு வில் போல வளைந்து போகும் பள்ளங்கள் வரிசையாகத் தெரிந்தன. "அப்பப்பா, சட்டிக்குள்ள சட்டி அடுக்கி வச்ச மாதிரி" என்றாள். (இந்த ரதர்ஃபர்ட், அணுக்கருவைக் கண்டவர் அல்ல. 19ஆம் நூற்றாண்டில் நிலாவைப் புகைப்படம் எடுத்த அமெரிக்கர். எழுத்தும் வேறு.)

பெரிய சட்டியின் அளவைக் கட்டுரையில் வெறும் இலக்கமாகக் கொடுத்திருந்தார்கள். விட்டம் ஏறக்குறைய 230 கிலோமீற்றர். நம் தீவின் மிக அகன்ற இடமே 224 கிலோமீற்றர்தான். ஒரு விளிம்பைக் கொழும்பில் வைத்தால் மறு விளிம்பு மட்டக்களப்பைத் தாண்டிக் கடலில் கால் நனைக்கும்.

இனித் திசை. நிலாவின் தெற்கு கீழே இருக்கிறது என்பது ஐரோப்பாவில் அச்சான படங்களைப் பார்த்து வந்த பழக்கம். அங்கே நிலா தெற்கு வானத்தில் சரிந்து போகிறது, ஆகவே அவர்களுக்கு நிலாவின் தெற்கு கீழேதான். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு ஏழு பாகை வடக்கில். நமக்கு நிலா கிழக்கே எழுந்து தலைக்கு மேலாகவோ அதற்குக் கிட்டவாகவோ போய் மேற்கே இறங்குகிறது. பிறை நமக்குத் தோணி போலக் கிடப்பதும் இதனால்தான். நவமி நிலா மாலை ஏழு மணிக்கெல்லாம் உச்சிக்குக் கிட்ட நிற்கும். அப்போது நாம் எந்தப் பக்கம் திரும்பி அண்ணாந்து பார்க்கிறோமோ அதைப் பொறுத்து நிலாவின் மேல் கீழும் மாறும். பத்து மணிக்குப் பிறகு அது கடல் பக்கம் சரிந்ததும் கணக்கு எளிது. வெள்ளவத்தை மரைன் டிரைவில் கடலைப் பார்த்து நில்லுங்கள். இடது கைப் பக்கம் தெஹிவளை, வலது கைப் பக்கம் பம்பலப்பிட்டி. நிலாவுக்கும் அப்படித்தான், அதன் தெற்கு ஏறக்குறைய தெஹிவளைப் பக்கம். கிளேவியஸை அந்த ஓரத்தில் தேட வேண்டும், அடியில் அல்ல. தொலைநோக்கியில் பார்த்தால் கருவியைப் பொறுத்து மேல் கீழோ இடம் வலமோ மாறும், அது வேறு தலையிடி.

தென்துருவத்துக்கு அருகில் என்று எழுதியிருப்பதும் கொஞ்சம் தாராளமான பேச்சு. கிளேவியஸ் இருப்பது 58 பாகைத் தெற்கில், துருவத்திலிருந்து ஏறத்தாழ 950 கிலோமீற்றர் தள்ளி. 2023 ஆகஸ்ட் 23 மாலை நாமெல்லாம் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து பார்த்த சந்திரயான்-3 கூட 69 பாகையில்தான் இறங்கியது. துருவத்திலேயே இருப்பது ஷாக்கிள்டன், 21 கிலோமீற்றர் அகலமான சின்னப் பள்ளம். நிலாவின் அச்சு ஒன்றரைப் பாகைதான் சாய்ந்திருக்கிறது. அதனால் அங்கே சூரியன் அடிவானத்தை ஒட்டியே சுற்றுகிறது, பள்ளத்தின் தரைக்கு வெயில் என்பதே கிடையாது.

இந்த இரண்டு பள்ளங்களையும் கலந்ததால்தான் தண்ணீர் விடயமும் குழம்பிவிட்டது. கிளேவியஸின் நிரந்தர இருட்டில் பனிக்கட்டி கண்டுபிடிக்கப்பட்டது என்று கட்டுரை சொல்கிறது. நடந்தது அதற்கு நேர் எதிர். நிலாவில் நீரின் தடயம் இருப்பதைச் சந்திரயான்-1இல் போன நாசாவின் கருவி 2009இலேயே காட்டிவிட்டது. ஆனால் அது நீரா, அல்லது ஒரு ஹைட்ரஜனும் ஒரு ஒட்சிசனும் மட்டும் சேர்ந்த ஹைட்ரொக்சிலா என்று பிரித்தறிய முடியவில்லை. போயிங் 747 விமானத்தில் 2.7 மீற்றர் தொலைநோக்கியைப் பொருத்திய சோஃபியா என்ற வான்கூடம், நீர் மூலக்கூறுக்கே உரிய அகச்சிவப்பு அடையாளத்தைக் கிளேவியஸில் பிடித்தது. 2020 ஒக்டோபரில் நாசா அறிவித்தது. வெயில் படுகிற தரையில் நீர் என்பதுதான் அதில் புதுமை. அளவு எவ்வளவு? ஒரு கன மீற்றர் மண்ணுக்கு ஒரு சின்னச் சோடாப் போத்தல், 355 மில்லிலீற்றர். சகாரா மணலில் அதைப்போல நூறு மடங்கு இருக்கிறதாம். கட்டுரையில் செய்தது போல ஏரிப் படம் போட்டு அலங்கரிக்கிற அளவுக்கு எதுவும் இல்லை.

கிளேவியஸ் யார் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். 1582இல் வந்த கிரகோரியன் நாட்காட்டிக்குக் கணக்குப் போட்டு, அதற்காக வாதாடிய இயேசு சபைத் துறவி. கலிலியோ தொலைநோக்கியில் கண்ட நிலாவின் மேடு பள்ளங்களை முதுமையில் இவர் ஏற்க மறுத்தார். தரை மட்டமாகத்தான் இருக்கும், அடர்த்திதான் இடத்துக்கிடம் மாறும் என்றார். அவர் பெயரைத்தான் நிலாவின் மிகப்பெரிய குழிகளில் ஒன்றுக்கு வைத்திருக்கிறார்கள். எனக்கு இது பிடிக்கும். எங்கள் வீட்டுச் சுவர் நாட்காட்டியில் அவர் சீர்செய்த திகதியும் உண்டு, அதன் கீழே சின்ன எழுத்தில் நவமியும் உண்டு. சிவப்பில் இருக்கும் போயாவை மட்டும் பார்க்காமல் அந்தச் சின்ன எழுத்தையும் பார்த்தால் போதும்.

அடுத்த முறை இப்படியொரு கட்டுரை போடும்போது வளர்பிறை நவமி எந்தத் திகதியில் வருகிறது என்பதையும் கட்டம் கட்டிப் போடுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை என்றால் நல்லது, ஒக்டோபர் நவம்பரில் கொழும்பில் பின்னேரமானால் இடி மழைதான். அக்கம்பக்கப் பாடசாலை எதுவும் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பினால் பத்திரிகை வழியாகச் சொல்லி அனுப்பலாம். தொலைநோக்கி தயார். முழங்கால் நோவால் இப்போது அதைத் தூக்கிக்கொண்டு படியேற முடிவதில்லை, பலசாலியான பிள்ளைகள் இரண்டு பேரை மட்டும் கீழே அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இளைப்பாறிய விஞ்ஞான ஆசிரியர்,
வெள்ளவத்தை, கொழும்பு